வாசியாத அடுக்கு

கேள்வி: தையில் ஆண்டுக்கு 50 நூல் என்று இலக்கு வைப்போர், ஆவணிக்குள் 5ஐக்கூட முடிக்காமல் மேலும் வாங்குவது ஏன்?

பதில்: வாங்கிய நூல்களை வாசியாது அடுக்கிவைக்கும் இப்பழக்கத்திற்கு யப்பானியர் 'சுந்தொக்கு' என்று பெயரே வைத்திருப்பதால், இக்குற்றம் யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தமையால், வாரம் ஒன்றாக அவற்றை வாசித்து முடிக்க 1,860 ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்திருக்கும். எனினும் அதனை எவரும் வாசியாத குவியல் என்று பழித்ததில்லை. எண்ணிக்கையை விடுத்து, 12ஆம் பக்கத்தில் பஸ் ரிக்கற் செருகியபடி கட்டிலருகே கிடக்கும் அந்த ஒரு நூலை முதலில் முடிப்பதே தகும். அலுமாரி நிரம்பியோருக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில், அதாவது கணினிவழி வாசிக்கும் நூற்றொகுதியில், ஈழத்து நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே கறையானும் ஏறாது.