பாரோ, லெண்ட், செய்முறை

ஆங்கிலத்தில் வாங்குகிறவன் 'பாரோ' பண்ணுகிறான், கொடுக்கிறவன் 'லெண்ட்' பண்ணுகிறான். முதலாவது 'ஃப்ரம்' கேட்கும், இரண்டாவது 'டு' கேட்கும். நமக்குக் 'கடன்' ஒன்றே போதும், கூட வாங்கு, கொடு என்று சேர்த்துக்கொள்வோம். அதனால்தான் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 'பாரோ மீ எ பென்' என்று பேனா கேட்கிறார்கள். கேட்டவனுக்கும் புரிகிறது, பேனாவும் கிடைக்கிறது. மார்க்குதான் கிடைப்பதில்லை.

எழுமலையில் அண்ணன் மகளுக்கு இதை விளக்கப்போய்தான் மாட்டினேன்.

"சித்தப்பா, காதுகுத்துக்கு நாம செஞ்ச செய்முறை பாரோவா, லெண்டா?"

உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை வேறென்ன கேட்கும்? அங்கே மொய்க்குச் செய்முறை என்று பேர். காதுகுத்து வீட்டார் முன்பு நமக்கு ஐந்நூறு செய்திருந்தார்கள், நாம் ஆயிரம் செய்தோம். பாதி பழைய பாக்கி, மீதி லெண்ட். அதே மீதி அவர்களுக்கு பாரோ. ஒரே கவருக்குள் இத்தனை வினைச்சொல்லை எந்த இலக்கணப் புத்தகமும் அடைத்ததில்லை.

"அப்ப ஐந்நூறு மட்டும் செஞ்சிருந்தா கணக்குச் சரியாப் போயிருக்குமே?"

"கணக்கு மட்டுமில்லடி, சொந்தமும் முடிஞ்சு போகும்" என்றார் அப்பத்தா. "அதுவுமில்லாம, இதக் கடன்னு சொல்லாத. கடன் கேட்டு வாங்குறது. இது பத்திரிகை வச்சு வாங்குறது."

ஆங்கிலேயனும் லேசுப்பட்டவனில்லை. பழைய ஆங்கிலத்தில் பாரோவின் வேருக்குப் பிணை என்று பொருள், அதாவது ஜாமீன். லெண்டின் கடைசி 'டி' ஆதியில் கிடையாது. இறந்தகால வடிவத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. கொடுத்தவன் சொல்லிலேயே ஓர் எழுத்து வட்டி!

தொல்காப்பியர் கேட்கிறவனின் தகுதி பார்த்து மூன்று சொல் வைத்தார். தாழ்ந்தவன் 'ஈ' என்பான், சமமானவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். எங்கள் ஊரில் முதல் இரண்டும் செல்லாது. வீட்டுக் கடனை அடைக்கவே விழா எடுக்கிறவர்கூட, வேட்டியை மடித்துக் கட்டிப் பந்தல் வாசலில் நின்று, "சாப்பிட்டு, செய்முறையக் குடுத்துட்டுப் போங்க மச்சான்" என்பார். வாங்குகிறவர் முகத்தில் அப்படியொரு வள்ளல் களை.

இப்போது மண்டபங்களில் கம்ப்யூட்டர் மொய். பணம் கட்டியதும் ரசீது வருகிறது. அந்தக் காதுகுத்தில் வந்த ரசீதின் அடியில் 'நன்றி' என்று இருந்ததை அண்ணன் மகள் வாசித்துக் காட்டினாள்.

"நன்றி கெடக்கட்டும். தொகைய எழுத்துலயும் போட்டிருக்கானா பாரு" என்றார் அப்பத்தா.