காலத்தை வென்ற பெருந்தகைக்கு

எங்கள் ஊரின் 120 படுக்கை தனியார் மருத்துவமனையை ஆண்டருளும் நிர்வாகப் பெருந்தகையே! தங்கள் வாசல் வேப்பமரத்தடியில் டிவிஎஸ் எக்ஸ்எல்லை நிறுத்திவிட்டுக் காலைதோறும் காத்து நிற்கும் ஒரு நர்ஸின் தகப்பன் எழுதும் வாழ்த்துமடல் இது. மண்ணை வென்ற மன்னர் உண்டு, கடலை வென்றவரும் உண்டு. காலத்தை வென்றவர் தாங்கள் ஒருவரே என்பதை அந்த மரத்தடியில் நின்றுதான் அறிந்தேன்.

தங்கள் வாயிலில் வீற்றிருக்கும் கைரேகைக் கருவியின் மாண்பை என்னென்று புகழ்வேன்! இரவு 8 மணிப் பணிக்கு என் மகள் 8.05-க்கு விரல் வைத்தால் அது பொறுப்பதில்லை. மூன்று நாள் அப்படி ஆனால் அரை நாள் சம்பளம் போயிற்று. அவ்வளவு கூரிய பார்வை படைத்த கருவி, காலை 8 மணிக்கு முடிய வேண்டிய பணி 9.40 வரை நீளும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. "முதல்ல பஞ்ச் வச்சுட்டு வந்து ஃபைலை முடிச்சிடுங்க சிஸ்டர்" என்று மொழிந்தருளும் தங்கள் இன்சார்ஜின் மதிநுட்பத்துக்கு அமைச்சர் பதவியே தகும். ஓவர் கொடுப்பதும், மருந்துக் கணக்கை ஒப்படைப்பதும், சார்ட் எழுதுவதும் வேலையே அல்ல என்று உலகுக்கு உணர்த்திய ஞானம் வேறு யாருக்கு வாய்க்கும்?

அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராத நாளில் தங்கள் கருணை பெருக்கெடுக்கிறது. "ரிலீவர் வரலை, கன்டினியூ பண்ணிடுங்க" என்ற ஒரு வாக்கில் 12 மணி நேரம் 18 ஆகிறது. அதற்கு ஈடாக ஒரு விடுப்பு உண்டு என்று நோட்டில் குறித்தும் வைக்கிறீர்கள். இதுவரை 11 குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றைக்கூடச் செலவழிக்கவிடாமல் பொன்போலக் காத்துவரும் தங்கள் சிக்கனம் வாழ்க!

உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு என்பார்கள். அதைச் சொல்லோடு விடாமல் செயலில் காட்டிய செம்மல் தாங்கள். மாலை 6.30 மணிக்கு அவள் அம்மா எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுக்கிறாள். காலையில் டப்பாவை நான் திறக்கிறேன். நடுவில் ஒரே ஒரு கரண்டிக் குழி. அந்த ஒரு வாய் உள்ளே போகும்போது 14-ஆம் படுக்கையில் டிரிப் முடிந்து பெல் அடித்திருக்கும். மூடியின் உள்பக்கம் வியர்த்திருக்க, மீதிச் சாதம் அப்படியே இருக்கிறது. அவள் அம்மா ஒன்றும் பேசாமல் அதைக் காக்கைக்கு வைக்கிறாள். காக்கைகளையும் புரக்கும் வள்ளலே!

இரவு 10 மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் 22 நோயாளிகளோடு ஒரு பயிற்சிப் பெண் மட்டும் வார்டில் நிற்பாள். ஐந்தாறு நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்று நெறி வகுத்தவர்கள் தங்கள் ஆற்றலை அறியாதவர்கள். இந்த ஆண்டில் இரண்டு முறை அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. மாத்திரையைத் தங்கள் பார்மசியிலேயே முழு விலைக்குத் தந்து உதவினீர்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 5 மணி நேரம் உழைத்தவருக்கு அரை மணி ஓய்வு தரச் சொன்னது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்றது. ஆலையில் இயந்திரத்தோடு நிற்கும் சாதாரணர்களுக்கு அது. தங்கள் வார்டு ஆலை அல்ல, சேவாலயம். அதனால் அந்தச் சட்டம் படியேறாமல் கைகட்டி வெளியே நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் தரலாகாது என்று பரிந்துரைத்தது. 120 படுக்கைகளை வைத்துக்கொண்டு 13,500-இல் உறுதியாக நிற்கும் தங்கள் நெஞ்சுரத்துக்கு இமயமும் நிகராகாது. பணம் சேர்ந்தால் பெண்பிள்ளை மனம் அலைபாயும் என்றுதானே அவளுடைய அசல் சான்றிதழ்களையும் தங்கள் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? கல்விக்கடன் தவணைக்கு வங்கியிலிருந்து போன் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத்தான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மே 12, செவிலியர் தினத்தன்று தாங்கள் நடத்திய விழாவை மறப்பேனா! இரவுப் பணி முடித்து 10 மணிக்கு வீடு வந்து படுத்தவளை மாலை 4 மணிக்கே வரவழைத்து, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து வரிசையில் நிறுத்தினீர்கள். "நீங்களெல்லாம் தேவதைகள், தேவதைகள் நேரம் பார்ப்பதில்லை" என்று தாங்கள் உரையாற்றிய முக்கால் மணி நேரமும் மெழுகு அவள் பெருவிரலில் உருகி வழிந்துகொண்டிருந்தது. ஆறரைக்கு விழா முடிந்தது. 8 மணிக்கு மறுபடி பணி. வீட்டுக்கு வந்து திரும்ப நேரமில்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள்.

அந்த மாதச் சம்பளச் சீட்டில் கேக்குக்கு என்று 50 ரூபாய் பிடித்திருந்தீர்கள்.