கடனைக் கட்டிவிட்டதற்கு மன்னிப்பு வேண்டி

பெறுநர்: கடன் அட்டைப் பிரிவு மேலாளர் அவர்கள், பெயர் சொல்ல விரும்பாத வங்கி, கோலாலம்பூர்.
அனுப்புநர்: முன்னாள் கடனாளி, கலும்பாங், உலு சிலாங்கூர்.
பொருள்: கடனை முழுவதுமாகக் கட்டிவிட்டதற்கு வருத்தம் தெரிவித்தல்.

ஐயா,

சென்ற மாதம் உங்கள் கணினியில் எங்கள் பெயருக்கு நேராகப் பூஜ்யம் விழுந்ததைப் பார்த்து அலுவலகத்தில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முதலில் அவருக்கு என் அனுதாபம். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாம் என் அம்மாவும் ஒரு 555 நோட்டும் சேர்ந்து செய்த வேலை.

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் கெர்லிங்கைத் தாண்டி தஞ்சோங் மாலிம் போகிற வழியில் இருக்கிறது. கோல குபு பாருவில் நின்று புறப்படும் கமுட்டர் ரயில் அடுத்து தஞ்சோங் மாலிமில்தான் நிற்கும். நடுவில் எங்கள் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ரயிலே நிற்காத ஊருக்கு உங்கள் அட்டை மட்டும் தேடி வந்து வாசலில் நின்றதே, அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மறக்கவில்லை. பேரங்காடி வாசலில் மேசை போட்டிருந்த உங்கள் பிள்ளை, கையெழுத்துப் போட்டதும் ஒரு பயணப்பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. எங்கேயும் போகாத குடும்பத்துக்கு நல்ல பெட்டிதான். இப்போது அதில் அம்மாவின் பழைய சேலைகள் இருக்கின்றன.

என் சம்பளம் மாதம் 3,000 வெள்ளி, ஆண்டுக்கு 36,000. அந்த அளவும் அதற்குக் கீழும் வாங்குகிறவனுக்கு இரண்டு நிறுவனங்கள் மட்டுமே அட்டை தரலாம், ஒவ்வொன்றும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கடன் தரக்கூடாது என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2011இல் வேலி போட்டது. நல்ல வேலி. நீங்களும் உங்கள் பக்கத்துக் கட்டடத்து வங்கியும் ஆளுக்கு 6,000 கொடுத்து வேலியின் உள்பக்கமாகவே மேய்ந்தீர்கள். ஆக 12,000. சட்டத்தை மதிக்கிற நிறுவனம் என்று அப்போதே உங்கள் மேல் மரியாதை வந்தது.

அந்த 12,000 எப்படி நிரம்பியது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஓவர்டைம் நின்றது. மகளுக்கும் மகனுக்கும் கைப்பேசியில் பாடம். இரண்டு பேருக்கு ஒரு கைப்பேசி போதாது. மோட்டார் எஞ்சின் போனது. ஊழியர் சேமநிதிக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற மாதிரி அழகான பெயர்கள். 2022இன் சிறப்பு மீட்பையும் சேர்த்து நாடு முழுவதும் 145 பில்லியன் வெள்ளியை எடுத்துச் சாப்பிட்டோம். கிழவனானால் சாப்பிட வைத்திருந்ததை நாற்பது வயதிலேயே சாப்பிட்டாயிற்று. அதுவும் தீர்ந்த பிறகு உங்கள் அட்டையைத் தேய்க்கத் தொடங்கினோம்.

அப்புறம்தான் உங்கள் கருணையின் ஆழம் புரிந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் மாதம் குறைந்தது 5 விழுக்காடு கட்டினால் போதும், அல்லது 25 வெள்ளி, எது அதிகமோ அது. தவறாமல் கட்டுகிறவனுக்கு வட்டி 15 விழுக்காடு, ஒன்றிரண்டு மாதம் தடுமாறியவனுக்கு 17, எங்களைப் போன்ற நிரந்தரத் தடுமாற்றக்காரர்களுக்கு 18. பணம் இல்லாதவனிடம் கூடுதலாகக் கேட்கும் இந்த முறையை எங்கள் ஊர் மளிகைக்கடைத் தவ்கேயிடம் விளக்கிச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

நான்காம் படிவம் படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 12,000 கடனுக்கு முதல் மாதம் கட்ட வேண்டியது ஏறத்தாழ 600. அதில் 180 வட்டிக்கே போய்விடும். அடுத்த மாதம் கடன் கொஞ்சம் குறைகிறது, அதனால் கட்ட வேண்டிய 5 விழுக்காடும் குறைகிறது. அதற்கடுத்த மாதம் இன்னும் குறைகிறது. இதே 18 விழுக்காட்டில், நீங்கள் கேட்கிற குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் தீர 92 மாதம், வட்டி ஏறக்குறைய 4,800 வெள்ளி. அதாவது ஏழு ஆண்டு, எட்டு மாதம். சனீஸ்வரனே ஏழரை ஆண்டில் இறங்கிப் போய்விடுவார், ஐயா. நீங்கள் அவரைவிட இரண்டு மாதம் கூடுதலாக எங்களோடு இருக்க ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அன்பு இல்லாமல் இது சாத்தியமா?

மகள் வாசித்துக் காட்டியபோது அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். படிக்காதவர், பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடன் எளைக்க எளைக்க நீயும் கட்டுறத எளைச்சா, அது எப்பய்யா சாகும்?"

மகள் மறுபடி கணக்குப் போட்டாள். முதல் மாதம் கட்டும் அதே 600ஐக் கடைசிவரை குறைக்காமல் கட்டினால் 24 மாதம். வட்டி ஏறத்தாழ 2,400, சரிபாதி. உங்கள் மாத அறிக்கையில் எத்தனையோ பெட்டிகள், எத்தனையோ வண்ணங்கள் இருந்தும் இந்த ஒரு வரிக்கு இடம் கிடைக்காமல் போனது அச்சகத்தின் தவறாகத்தான் இருக்க வேண்டும்.

அதுவரை நாங்கள் செய்தது என்ன தெரியுமா? 600 கட்டுவோம், அதே வாரம் 500க்குத் தேய்ப்போம். உங்கள் பார்வையில் இது சீரான உறவு. அம்மா அன்றிரவு இரண்டு அட்டைகளையும் வாங்கி, பாக்குவெட்டியில் வைத்து நறுக்கினார். உங்கள் முத்திரை நான்கு துண்டாக விழுந்தது. ஆண்டுக்கு அட்டை ஒன்றுக்கு 25 வெள்ளி சேவை வரி வாங்கும் அரசாங்கத்திடமும் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி அந்த 555 நோட்டைப் பற்றி. நகரத்தில் வளர்ந்தவராக இருந்தால் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அகலம், அட்டையில் மூன்று ஐந்து. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒருகாலத்தில் கடன் எழுதியது அதில்தான். தோட்டத்து மளிகைக் கடையில் ஒன்று, நம் வீட்டில் ஒன்று. சம்பளம் போட்ட அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். அரிசியில் தவ்கே ஐந்து காசு ஏற்றி எழுதியிருக்கலாம், அதெல்லாம் உண்டு. ஆனால் வட்டிக்கு வட்டி எழுதிய 555 நோட்டை அம்மா பார்த்ததில்லை. கணக்குத் தீர்ந்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடும்போது தவ்கேக்கும் மகிழ்ச்சி. பணம் திரும்பி வந்துவிட்டதே! கடன் தீர்ந்தால் வருத்தப்படுகிற கடைக்காரரை நாங்கள் உங்களிடம்தான் முதலில் பார்த்தோம்.

அம்மா புது 555 நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் உங்கள் பெயர்.

நீங்கள் அஞ்சலில் அனுப்பிய சிக்கனக் கையேட்டையும் பார்த்தோம். நன்றி. வாரத்தில் ஒரு நாள் லாத்தே குடிப்பதை நிறுத்தச் சொல்லியிருந்தீர்கள். கலும்பாங்கில் லாத்தேயைத் தேடினேன், ஐயா, நிறுத்துவதற்காகவாவது ஒரு முறை குடித்தாக வேண்டுமே. கோப்பி ஓதான் கிடைத்தது. ஆகவே எங்கள் வழியில் போனோம். வேலைக்குப் போகும்போது ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஐந்து வெள்ளி, மாதம் 26 நாள், 130. அதற்குப் பதில் வீட்டிலிருந்து பழைய சோறும் நெத்திலியும். பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்ததும் தொழிற்சாலையில் பாதிப்பேர் எட்டிப் பார்த்தார்கள். இப்போது மூன்று பேர் அதையே கொண்டுவருகிறார்கள். அஸ்ட்ரோ தொலைக்காட்சியை வெட்டினோம். முதல் வாரம் வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. தொடரில் அந்த மருமகள் என்ன ஆனாள் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த இழப்பை எந்த வங்கியும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டுக்காரி தோசை மாவு அரைத்து விற்கத் தொடங்கினாள். முருங்கையும் மரவள்ளியும் பின்பக்கம் நின்றன, அவற்றை அதுவரை வேலிக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தால் கோழி நினைவுக்கு வராது என்று அம்மா சொன்னார். வந்தது. சமைக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியாக மைலோ டின்னில் போட்டார். மாதக் கடைசியில் அந்த அரிசியில் மூன்று நாள் ஓடியது. ஒரு நாள் மகன், பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவில்லை என்று தானே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தான். அந்த 60 வெள்ளியை மட்டும் அம்மா நோட்டில் எழுதவில்லை. அதைப் பற்றிப் பகடியாக எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

உங்கள் கையேட்டின் முன்னுரையில், தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களிடம் சேமிப்புப் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு பங்குப் பத்திரம் இருக்கிறது, தாத்தாவுடையது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக நடந்தார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் பத்து பத்தாகக் கட்டலாம். நாள் கூலிக்குப் பால் வெட்டியவர்கள் அந்தப் பத்தைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் கைகட்டி நின்றவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகத் தோட்டத்தையே வாங்கினார்கள், ஐயா. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சிக்கனம் கற்பிக்க நீங்கள் வழவழத் தாளில் கையேடு அச்சடித்திருக்கிறீர்கள். தாள் உயர்ந்த ரகம். அலமாரிக்கு விரித்திருக்கிறோம்.

இன்னொன்று. தோட்டத்துப் பெண்கள் கூட்டு பிடிப்பார்கள். இருபது பேர், ஆளுக்கு மாதம் 50, மாதம் ஒருத்திக்கு ஆயிரம். தாலிக்கும் தையல் மெஷினுக்கும் மகள் சடங்குக்கும் அதுதான் வங்கி. இந்த நாட்டில் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971இல் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. தமிழுக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த இடம், தடை செய்யப்பட்ட பொருளாக! பணத்தைச் சுருட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிய கூட்டுக்காரிகளும் உண்டு, ஆகவே சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். ஒரே ஒரு சந்தேகம்தான். எங்கள் கூட்டில் கடைசி மாதத்துக்காரிக்கும் போட்ட பணம் முழுசாக வந்தது. உங்களிடம் 92 மாதம் போட்டால் கடைசியில் எங்களுக்கு என்ன வரும்?

தேசத்திடமும் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். 2023 இறுதியில் மலேசியக் குடும்பங்களின் கடன் 1.53 டிரில்லியன் வெள்ளி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 84.2 விழுக்காடு. இவ்வளவு பேர் ஒற்றுமையாகக் கட்டி எழுப்பிய கோபுரத்திலிருந்து 12,000 வெள்ளிச் செங்கல்லை நாங்கள் பாட்டுக்கு உருவிவிட்டோம். தலைவலி பிடித்தவர்களுக்கென்று பேங்க் நெகாரா 2006இல் கடன் ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கி இலவசமாக நடத்துகிறது. அங்கே போகிறவர்கள் கூட்டத்தைக் குறைத்த குற்றமும் எங்களைச் சேரும்.

கடைசித் தவணை கட்டி மூன்றாம் நாள் உங்கள் அதிகாரி அழைத்தார். குரல் தழுதழுத்தது. "சார், ஏதாவது குறையா? எங்க சேவையில பிடிக்கலையா?" என்றார். கணக்கை மூட வேண்டாம், கடனே இல்லாதவரைப் பற்றி மத்தியக் கடன் பதிவேட்டில் சொல்ல ஒன்றுமே இருக்காது, நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டால் உங்களை யாருக்கும் தெரியாது என்றார். அதற்காக 8,000 வெள்ளிக்கு ஒரு புதுக் கடன் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டு எனக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னார். பத்தியம் முடிந்து எழுந்தவனுக்கு மறுபடி காய்ச்சலையே விருந்து வைக்கிற மனசு! கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அவரிடம், தம்பி சாப்பிட்டாயா, சம்பளம் எவ்வளவு, உனக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்டார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பிள்ளை 24 மாதக் கணக்கைப் பற்றி விவரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டது. அவர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

இறுதியாக ஒரு சின்ன விஷயம். கடைசி மாதம் சில்லறை இல்லாமல் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிட்டோம். உங்கள் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது, நீங்கள் எங்களுக்கு 1 வெள்ளி 40 காசு தர வேண்டும். அம்மா நோட்டில் உங்கள் பக்கத்துக்குக் குறுக்கே இன்னும் கோடு போடவில்லை. முட்டை வாங்கிய பக்கத்து வீட்டு அக்காவின் பாக்கிக்குக் கீழே நீங்கள் இருக்கிறீர்கள். வட்டி கிடையாது. குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது ஏழு காசு மட்டும் அனுப்பிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அம்மாவுக்கு அது பிடிக்காது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் தஞ்சோங் மாலிம் போய் ரயிலேறி நேரில் வருவதாகச் சொல்கிறார். மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம்தான்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
கணக்குத் தீர்ந்தவன்.