மாடியில் ஒரு பிரதக்ஷிணம்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கேமரா ட்ரோனைக் கிளப்பினால், ஓரிடத்தில் நிற்காமல் பிராகாரம் சுற்றுவதுபோல் வட்டமிடுகிறதே, பரிகாரம் உண்டா?
— ஒரு வாசகர், கோச்சடை

பதில்: உண்டு, மாடியை விட்டு இறங்குவதே முதற் பரிகாரம். தளத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிகளால் வடதிசையைத் தவறாகக் கணித்த யந்திரம், செயற்கைக்கோள் காட்டும் ஸ்தானத்துக்குத் திரும்ப முயலுந்தோறும் சற்றே கோணலான திக்கில் செல்வதால்தான் இந்தப் பிரதக்ஷிணம். ஆகையால், மின்கம்பமும் வாகனமும் இல்லாத வைகைக்கரை வெளிக்குச் சென்று, சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் அப்பால் வைத்துவிட்டு, திசைமானியைச் சீர்ப்படுத்தும்பொருட்டு ட்ரோனைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரு முழுச் சுற்றும், மூக்கைத் தரைநோக்கிக் கவிழ்த்து மற்றொரு முழுச் சுற்றும் சுற்றுங்கள். இரண்டாவதைச் சோம்பலால் விட்டுவிடலாகாது: பூமியின் காந்த மத்தியரேகை தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், மதுரைச் சீமையில் காந்தப் புலம் ஏறக்குறையப் படுக்கையாகவே ஓடுகிறது, கவிழ்த்தாலன்றித் திசைமானியின் செங்குத்து அச்சுக்கு அது எட்டாது. பின்னர் ஆளுயரத்தில் அரை நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். சுற்றாமல் ஒருபுறமாகவே நழுவினால் குற்றம் காந்தத்தினதன்று. சமதளமான மேஜைமீது அசையாமல் வைத்துச் சாய்வுணரியைச் சீர்ப்படுத்த வேண்டும். மறுபடி வட்டமிட்டால், உடனே இறக்கி வேறிடம் தேடுங்கள்.