குண்டு விழுந்த தூரம்

பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே எங்கள் வீட்டில் பொதுக்குழு கூடியது. இடம்: திருப்பாப்புலியூர், எங்கள் வீட்டுக் கூடம். பொருள்: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏதாவது கடற்கரை ஊருக்குப் போய் வருவது. பெயரிலேயே கடலை வைத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடல் பார்க்க எங்கே போகலாம் என்று கூட்டம் போடுகிறோமே என்று ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடலூர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது.

சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனன் கைப்பேசியை நீட்டினான். “மாமா, பேசாம பாண்டிக்குப் போயிடலாம். ரிசார்ட் நான் பாத்துட்டேன்.” கடல் தெரிகிற அறைக்கு ஒரு வாடகை, தெரியாத அறைக்கு ஒரு வாடகை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “தெரியாத ரூம்புல சத்தம் மட்டும் கேக்குமாடா? அதுக்குத் தனியா காசு கேப்பானா?”

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கடலே வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்த காலை நேரம். சுனாமியில் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் டிசம்பர் விடுமுறைகள் எல்லாம் ஏறக்குறைய அந்த ராசியில்தான் கழிகின்றன: 2011-ல் ‘தானே’ புயல் வந்தது, 2015-ல் வெள்ளம் வந்தது, 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்து, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை தெருவுக்குள் வந்தது. நாங்கள் எங்கும் போகவேண்டியதில்லை. எல்லாம் எங்களைத் தேடி வரும்.

பாண்டிச்சேரிக்குப் போவதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். எங்கள் ஊர் ஆண்களில் பலர் அங்கே போய் வருகிறார்கள். கடல் பார்க்கத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து அந்த நகரத்தின் கடற்கரையில் மணலே இல்லாமல் போய், பல வருஷம் வெறும் பாறாங்கல்தான் கிடந்தது. மணலைத் தேடிக்கொண்டு கடல் வடக்கே போய் தமிழ்நாட்டுக் குப்பங்களைத் தின்றது. மணல் இல்லாத ஊர் கடற்கரைச் சுற்றுலாவில் கொழிக்கிறது. மைல் கணக்கில் மணல் வைத்திருக்கும் ஊர் அங்கே அறை தேடுகிறது.

மைல் கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சை 57 கிலோமீட்டர் நீளமான கடற்கரை என்று சுற்றுலா விளம்பரங்களில் போடுகிறார்கள். மாவட்டத்தின் மொத்தக் கடலோரமே 57.5 கிலோமீட்டர்தான். அதாவது உப்பனாற்று முகத்துவாரம், துறைமுகம், அனல்மின் நிலையம், வெள்ளாறு, சுரபுன்னைக் காடு எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி ‘பீச்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாக்கி இருக்கும் அரைக் கிலோமீட்டர் எங்கே என்று கேட்காதீர்கள். வாகனம் நிறுத்த ஒதுக்கியிருப்பார்கள்.

இப்படி ஒரு கணக்கில் நிலத்தை அளப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை. எல்லை எதுவரை என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் இருந்த விடை: கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை. மதராஸிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பிவைத்தார்கள். சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் கடலூரே அடங்கிப்போனது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரிலும் குண்டு சாலை என்ற தெருப்பெயரிலும் அந்த இரும்பு இன்னும் கிடக்கிறது. நிலத்தில் உழுதுகொண்டிருந்தவனையோ வலை காயப்போட்டவளையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைக்கு மேல் என்னவோ சத்தம் கேட்டது, அண்ணாந்து பார்த்தார்கள், குனிந்தபோது வேறு ஒருவனின் குடிகள். அப்போது மதராஸில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் கொடுத்த கொடைக்காக அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரில் நிற்கிறது. எங்களுக்குக் குண்டு, அவர்களுக்குக் கல்வி.

கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். பீரங்கியை மட்டும் யாரும் கழற்றவில்லை. கம்பெனி போய் ராணி வந்து, ராணி போய் நம்மவர்கள் வந்து, கையெழுத்துப் போடுகிற கை மாறியதே தவிர, சுடுகிற முறை மாறவில்லை. தலைநகரத்தில் ஒரு மேசையிலிருந்து சுடுவார்கள். குண்டு விழும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை முளைக்கும்.

1980-களில் சுட்டது உப்பனாற்றங்கரையில் விழுந்தது. சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. கடற்கரைக்குப் போகும் பிள்ளைகள் மணல் வீடு கட்ட வாளி எடுத்துப்போவார்கள். எங்கள் ஈச்சங்காடு, குடிகாட்டுப் பக்கத்தில் பெரியவர்கள் வாளி தூக்கினார்கள், காற்றைப் பிடிக்க. மூச்சு முட்டும் நாளில் பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, 2004-ல் அறிக்கையாகவே போட்டார்கள். ‘நாத்தம் அடிக்குது’ என்று தமிழில் சொன்னபோது கேட்காத காது, ரசாயனப் பெயர்களில் சொன்னதும் கொஞ்சம் திரும்பியது. பிறகு அரசாங்க ஆய்வு நிறுவனமான நீரியே வந்து பார்த்துவிட்டு, இந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2000 மடங்கு அதிகம் என்றது. 2008-ல் அந்த எண் பத்திரிகைகளில் வந்தது. 2000 மடங்கு! வேறு எந்த விஷயத்திலாவது எங்கள் மாவட்டம் இத்தனை மடங்கு முன்னேறியிருந்தால் வளைவு கட்டித் திறந்திருப்பார்கள்.

மகளுக்கு நீச்சல் குளம் உள்ள ரிசார்ட் வேண்டுமாம். நியாயமான ஆசை. குடிகாட்டுக்காரர்களுக்கு அதுவும் வீடு தேடி வந்தது. 2025 மே மாதம், இதே மாதிரி ஒரு கோடை விடுமுறையில், சாய ஆலையொன்றின் கழிவுநீர்த் தொட்டி நள்ளிரவில் வெடித்து, லட்சக்கணக்கான லிட்டர் ரசாயனத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் விழித்தார்கள். 2021-லும் மே மாதம்தான். இன்னொரு ஆலை வெடித்து 4 பேர் செத்தார்கள். நீச்சல் என்று வந்துவிட்டால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2022 ஜூன் 5 அன்று குச்சிப்பாளையத்தில், கெடிலத்துத் தடுப்பணையில் குளிக்கப் போன 7 பெண்களும் சிறுமிகளும் மூழ்கிப் போனார்கள். ஆறுகள், கடல், ஏரி, குளம் என்று தண்ணீரிலேயே மிதக்கும் மாவட்டத்தில், ஒரு பெண் குழந்தை நீந்தப் பழகப் பயமில்லாத ஒரு துண்டுத் தண்ணீர் இல்லை. இதை எழுதும்போது கிண்டல் வரமாட்டேன் என்கிறது. போகட்டும்.

“அப்ப சிதம்பரம் போவோம்” என்றார் அம்மா. அவருக்குச் சுற்றுலா என்றால் நடராஜர்தான். கடல், மலை எல்லாம் போகிற வழியில் தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். “தரிசனம் முடிச்சுட்டு சம்பா சாதம், கொத்சு வாங்கி சாப்புட்டுட்டு, அப்புடியே பிச்சாவரம்.” மனைவிக்கு இது பிடித்தது. மைத்துனனுக்கும் பிடித்தது, ஆனால் வேறு காரணத்துக்கு: “மாமா, ட்ரோன் ஷாட் எடுக்கலாம்.”

போகிற வழியைச் சொல்கிறேன். கடலூர் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே போனால், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கென்று வளைத்த நிலம். பாதி கட்டியிருக்கையில் ‘தானே’ வந்து நொறுக்கிவிட்டுப் போனது. எங்கள் தரப்பில் புயல் மட்டும்தான் இதுவரை ஆட்சேபம் தெரிவித்து வென்றிருக்கிறது. பரங்கிப்பேட்டையை நெருங்கினால் புதுக்குப்பத்தில் கடலைப் பார்த்த அனல்மின் நிலையம், 600 மெகாவாட்டில் இரண்டு. கடல் தெரியும் அறைக்கு ஏன் தனி வாடகை என்று மைத்துனனுக்கு இப்போது புரிந்திருக்கும். கடல் தெரியும் இடத்தையெல்லாம் இவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். அதே பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. மீன்களுக்கு என்ன ஆகிறது என்று உடனுக்குடன் எழுதிவைக்க வசதி.

தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரத்தைத் தேடிச் சிதம்பரத் தெருக்களில் அலையவேண்டாம். அது பிச்சாவரத்துச் சதுப்பில்தான் நிற்கிறது, வெண்கண்டலோடும் சுரபுன்னையோடும். பால் பட்டால் கண் போய்விடும் என்று பயந்து யாரும் நெருங்காததால் பிழைத்த மரம் என்று நான் நினைக்கிறேன். மற்ற மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை காட்டைப் பத்தி பத்தியாக ஏலம் விட்டு மொட்டையடித்தார்கள். பிறகு சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, உள்ளூர்க்காரர்களை வைத்தே திரும்ப நட்டார்கள். அந்த வேர்கள்தான் 2004-ல் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தன. காட்டுக்கு வெளியே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர் திட்டு என்ற மீனவர் ஊர் துடைத்துக்கொண்டு போய்விட்டது. 1975-ல் ‘இதயக்கனி’ படம் பிடித்த இடம் எது என்று படகில் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை.

படகு போகும் வாய்க்கால் ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் சில பெண்கள் நிற்பதைப் பார்க்கலாம். இருளர்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பறியில் போடுவார்கள். வாயில் பறி இருப்பதால் பதில் சொல்லமுடியாது என்பது படமெடுப்பவர்களுக்கு வசதி. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் தலமானது. உலகமே அந்தச் சேற்றைத் தெரிந்துகொண்டது. சேற்றுக்குள் இருக்கும் கையை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது புதிய குண்டு ஒன்று காற்றில் வந்துகொண்டிருக்கிறது. இந்த முறை நீல நிறம். நீலக்கொடிச் சான்றிதழ் வாங்க அரசு தயார்படுத்தும் கடற்கரைகளில் எங்கள் சில்வர் பீச்சும் இருக்கிறது. மொத்தம் 33 நிபந்தனைகள். ஆலைக் கழிவோ சாக்கடையோ கரையைத் தொடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. கெடிலம் ஊரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயேதான் கடலில் சேர்கிறது. அதற்கு யார் போய் நிபந்தனையைப் படித்துக் காட்டப்போகிறார்கள்? சான்றிதழ் தரும் அமைப்பின் தலைமையகம் டென்மார்க்கில் இருக்கிறது. டென்மார்க்காரர்கள் இதே கடலோரத்தில் தரங்கம்பாடியில் 200 வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்து, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள். நம் மணல் சுத்தமா என்று சொல்ல அவர்களையே திரும்பக் கூப்பிடுகிறோம். சுத்தமில்லை என்று குடிகாட்டுக்காரன் 20 வருஷத்துக்கு முன்பே வாளியோடு வந்து சொன்னான். அவனிடம் கொடி இல்லை.

கொடி ஏறியபின் என்ன நடக்கும் என்று தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூங்கில் குடை வரும், சாய்வு நாற்காலி வரும், பிறகு ஒரு வேலி வரும். கட்டுமரம் இழுக்க, வலை காயப்போட, கருவாடு உலர்த்த “அந்தப் பக்கம் போப்பா” என்பார்கள். அந்தப் பக்கம் என்பது எது? 57 கிலோமீட்டர் கணக்கில் அதுவும் சேர்த்தியா?

இதற்கெல்லாம் நடுவில் கோடை விழா வேறு. அதற்கு மாவட்டத்தில் வைத்த பெயர் ‘நெய்தல் கோடை விழா’. பெயர் வைத்தவர் தமிழ் படித்தவராகத்தான் இருக்கவேண்டும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல்.

கடைசியில் எங்கள் பொதுக்குழு ஒரு முடிவுக்கு வந்தது. பணமில்லாதவர்கள் வரும் முடிவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோ வைத்துக்கொண்டு சில்வர் பீச் போனோம். மகன் அலையில் நின்றான். மகள் குதிரை ஏறினாள். மாங்காய்ப் பத்தை, சுண்டல், மீன் வறுவல் எல்லாம் ஆயிற்று. மைத்துனன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தான். மணல் பொடி, காற்று, சிவந்த வானம், எல்லாம் பாண்டிச்சேரியை விடவும் நன்றாகவே விழுந்தது. இருட்டும் நேரத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்பி, மூக்கில் ஒரு நெடி ஏறியது. அம்மா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக என்னிடம், “தம்பி, எங்கியாச்சும் பாத்ரூம் இருக்கா பாரு” என்றார்.

இருந்தது. சுவரில் சுத்தத்தைப் பற்றிப் புதிதாக எழுதிய வாசகமும், கதவில் பூட்டும் இருந்தன. சாவி யாரிடம் என்று நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் நாலு திசையைக் காட்டினார்கள். எழுபது வயதுக்காரரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி, வீட்டுக்குத் திரும்பினோம்.

நீலக்கொடி ஏற்றும் அன்று அமைச்சர் வருவார், பந்தல் இருக்கும், நீங்களும் குடும்பத்தோடு வாருங்கள். பெண்களையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால், வீட்டிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.