புகைபோக்கியும் புகைப்பவரும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைப் புகைபோக்கிகள் நாள் முழுதும் புகைவிடுகின்றன, வாசல் டீக்கடையில் தொழிலாளி ஒரு சிகரெட் பிடித்தால் மட்டும் குற்றமா?

பதில்: புகைபோக்கிக்கு உயரம் உண்டு, அதன் புகையை அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உண்டு, தொழிலாளியின் புகையோ ஐந்தரை அடி உயரத்தில், பக்கத்தில் டீ குடிப்பவரின் மூக்குக்கு நேராகவே வெளியேறுகிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகள், பணியிடம், உணவகம், பேருந்து நிறுத்தம் முதலியவற்றைப் பொது இடங்களாகக் கொண்டு, அங்கே புகைப்போருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கின்றன. புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்கும் சலுகை, உணவகங்களில் 30 இருக்கைகளுக்குக் குறையாதவற்றுக்கே உரியது என்பதால், ஒற்றை பெஞ்சு போட்ட கடைக்கு அது கிட்டாது. பொது இடத்தில் சாம்பல் கிண்ணமும் தீப்பெட்டியும் கூடாதெனில், சிகரெட் பற்றவைக்கக் கடைத்தூணில் புகைந்துகொண்டே தொங்கும் கயிறு மட்டும் எப்படித் தப்பும்?

சட்டம் தெரிந்தும் விடமுடியாத புகைப் பழக்கத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளான நிக்கோட்டின் இரத்தத்தில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், டீ இடைவேளை நெருங்கும்போது கை தானாகவே சட்டைப்பையைத் தேடுகிறது. ஆயினும் அந்த வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஓ.டி. பார்க்கும் நாளில் வெளியே வராமலே தாக்குப்பிடிப்பவர், சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் 'விடவே முடியவில்லை' என்பது மருத்துவரைவிடக் கணக்குப்பிள்ளைக்கே எளிதில் விளங்கும்.