அப்டேட் கோரி ஒரு பணிவான மனு

அனுப்புநர்: பழைய ஸ்மார்ட்ஃபோன் உரிமையாளர், அல்சூர், பெங்களூரு.
பெறுநர்: செயலாளர் அவர்கள், நுகர்வோர் விவகாரத் துறை, கிருஷி பவன், புதுதில்லி.
பொருள்: நன்றாக ஓடும் ஃபோன் காலாவதி ஆவது – தேதியை முன்கூட்டியே அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மேற்படி மனுதாரரின் ஃபோன் உயிரோடுதான் இருக்கிறது. திரையில் கீறல் இல்லை. பேட்டரி சாயங்காலம் வரை தாங்குகிறது. செட்டிங்ஸில் 'சிஸ்டம் அப்டேட்' என்பதைத் தொட்டால் பச்சை டிக் ஒன்று தோன்றி, 'உங்கள் சிஸ்டம் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று தைரியம் சொல்கிறது. அதற்கு நேர் கீழே, பொடி எழுத்தில், கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த மாதம்: அக்டோபர் 2021. இரண்டையும் ஒரே திரையில் காட்டும் நிறுவனத்தின் நெஞ்சழுத்தத்தை மனுதாரர் மெச்சுகிறார்.

அரசின் இன்னொரு அமைப்பான, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அவ்வப்போது எச்சரிக்கை விடுகிறது. 2024-இல் வந்தவற்றில், ஆண்ட்ராய்டு 12, 12எல், 13, 14 பதிப்புகளில் ஓட்டைகள் இருப்பதாகவும், நிறுவனம் தரும் அப்டேட்டைப் போட்டுக்கொள்ளும்படியும் சொல்லியிருந்தார்கள். மனுதாரரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு 10. பட்டியலில் தம் பதிப்பு இல்லையே என்று முதலில் மகிழ்ந்தார். பத்தாம் பதிப்புக்குத் திருத்தம் தருவதையே கூகுள் கைவிட்டுவிட்டது என்பதைப் பக்கத்து வீட்டு இன்ஜினியர்தான் விளக்கினார். பெங்களூரில் பக்கத்து வீட்டில் இன்ஜினியர் இல்லாமல் இருக்க வழியில்லை.

அப்டேட் தாமதமாவதன் காரணத்தையும் அவரே சொன்னார். கூகுள் மாதாமாதம் திருத்தம் வெளியிடுகிறது. அது குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்களைத் தாண்டி, ஃபோன் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் மேலே பூசியிருக்கும் அலங்காரங்களோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அனுப்பப்படுகிறது. இந்த இழுபறியைக் குறைக்கத்தான் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் 'ப்ராஜெக்ட் ட்ரெபிள்' வந்தது. வேலை சுலபமானது. ஆனால், விற்றுத் தீர்ந்த மாடலுக்கு ஆள் போட்டால் என்ன லாபம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. 2014 செப்டம்பரில் தில்லியில் 'ஆண்ட்ராய்டு ஒன்' தொடங்கியபோது, 6,399 ரூபாய் ஃபோனுக்கும் புதுப் பதிப்புகள் உடனுக்குடன் வரும் என்றார்கள். 'ஒன்பிளஸ் 2'-க்கு ஆண்ட்ராய்டின் நௌகாட் பதிப்பு உண்டு என்றவர்கள் 2017-இல் இல்லை என்றார்கள். ஆண்ட்ராய்டு ஒன் வரிசையில் வந்த ஷாவ்மியின் 'மி ஏ3'-க்கு 2021 புத்தாண்டையொட்டி ஆண்ட்ராய்டு 11 வந்தே விட்டது. போட்டவர்களில் பலரது ஃபோன் பிறகு கண் திறக்கவில்லை. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, இலவசமாகச் சரிசெய்து தரவேண்டியதாயிற்று.

வராவிட்டால் ஓட்டை, வந்தால் கண்டம்.

தாங்கள் சும்மா இருந்ததாக மனுதாரர் சொல்லவில்லை. வெளிநாட்டில், பழைய ஃபோன்களை அப்டேட்டால் மந்தமாக்கியதற்காக 2018-இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. இங்கே தங்கள் அமைச்சரும் தார்வாட் எம்.பி.யுமான பிரல்ஹாத் ஜோஷியும் 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 பற்றிய புகார்களுக்காக ஆப்பிளுக்கு நோட்டீஸ் போனதை அறிவித்தார். ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டும் பழுதுநீக்கக் குறியீடு பற்றி அதே ஆண்டு மே மாதம் தங்கள் குழு தந்த அறிக்கையில், மென்பொருள் அப்டேட்டும் ஓர் அளவுகோல். மனுதாரர் அந்தக் குறியீட்டைப் பெட்டியின் மேல் தேடிக்கொண்டிருக்கிறார்.

இடைக்காலத் தீர்வு தேடி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கும் போனார். கடைப் பையன் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனியே கைவிட்டாச்சு ஸார். வேற ரோம் போட்டுத் தரேன். ஆனா பேங்க் ஆப் ஓடுமான்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். புது ஃபோன் வாங்கிவிடலாமே என்பீர்கள். வாங்கவேண்டிய நாள் வரத்தான் போகிறது. மெட்ரோ டிக்கெட்டே வாட்ஸ்அப்பில் எடுக்கும் ஊர் இது. அந்த வாட்ஸ்அப் 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைகழுவியது. ஆண்ட்ராய்டு 10-இன் முறையும் வரும் என்பது மனுதாரருக்கும் தெரியும். என்றைக்கு என்பதைத்தான் கேட்கிறார்.

அரை லிட்டர் நந்தினி பால் பாக்கெட்டில்கூட எதுவரை பயன்படுத்தலாம் என்று அச்சிடுகிறார்கள். தங்கள் துறையே நடைமுறைப்படுத்தும் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி ஃபோன் பெட்டியில் விலை, தயாரித்த மாதம், எந்த நாட்டில் செய்தது, புகார் சொல்ல யார் என எல்லாம் இருக்கின்றன. எதுவரை அப்டேட் வரும் என்பது மட்டும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அதைச் சொல்லியே விற்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், புதிதாகச் சந்தைக்கு வரும் மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தரவேண்டும். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் 7 ஆண்டு தருவதாக அந்நிறுவனங்களே சொல்கின்றன. ஆக, முடியாத காரியமில்லை. விலை குறைந்த ஃபோன்காரருக்குச் செய்யாத காரியம்.

எனவே, 'பாதுகாப்பு அப்டேட் இந்தத் தேதி வரை' என்ற ஒரு வரியைப் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட ஆணையிடுமாறு மனுதாரர் கேட்டுக்கொள்கிறார். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 2011 விதிகளில் ஒரு திருத்தம் போதும்.

இப்படிக்கு,
மனுதாரர்